வீகோவுக்கு ஒரு விமானம்

முடிவு தெரிவதற்கு முன்பே சுல்தான் பீவி டான்பவ் தேக்சாவை அடுப்பில் ஏற்றிவிட்டாள்.

பிரியாணியை டான்பவ் என்று சொல்லிப் பழகிய ஊர் அது, ரங்கூனின் தாமுவே பகுதி. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற பெரிய தேக்சாவைக் காலையிலேயே ஆள் வைத்துத் தூக்கிவந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் கல் கூட்டி வைத்தாயிற்று. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பங்காக வந்த குர்பானி இறைச்சியை ஐஸ் பெட்டியில் போட்டு, மின்சாரம் போகும்போதெல்லாம் கடையிலிருந்து ஐஸ் வாங்கிக் கொட்டி, இந்த நாளுக்காகவே காப்பாற்றி வைத்திருந்தாள்.

சந்தின் முனையில் நூர் பீவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். சுல்தான் பீவியின் காலமாகிவிட்ட கணவர் மீரா முகைதீனின் தங்கை. இரண்டு தெரு தள்ளி வீடு.

"என்ன மைனி, புகை தாமுவே சந்தை வரைக்கும் வருது. முடிவு வந்துருச்சா?"

"வரும்."

"வரும்னா?"

"அஸர் தொழுகைக்கு அப்புறம் போன் வரும். போன் வந்தா முடிவு வரும். முடிவு வந்தப்புறம் அரிசி ஊறப்போட்டா சனங்க நாளைக்கா சாப்பிடும்?"

நூர் பீவி தேக்சாவைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "அப்ப ப்ளேன் இன்னும் ஏறல. சோறு ஏறிடுச்சு."

சுல்தான் பீவி விறகை உள்ளே தள்ளினாள். நூர் பீவியின் வாய்க்கு எதிர்வாய் போடுவது அவளுக்கு எப்போதுமே கஷ்டம். மே மாதம் நர்கிஸ் புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன அன்று, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனவளும் இதே நூர் பீவிதான். கூரை மறுபடி போடும் வரை சுல்தான் பீவி அவள் வீட்டு மாடியில்தான் இருந்தாள். அப்படிப்பட்டவளிடம் சண்டை போடலாம், ஜெயிக்க முடியாது.

ஆனால் இந்த டான்பவ்வே நூர் பீவியால் வந்ததுதான்.

பெருநாளன்று அவள் வீட்டு மாடியில் பெண்கள் கூடியிருந்தார்கள். அயர்லாந்திலிருந்து விடுப்பில் வந்திருந்த சுல்தான் பீவியின் மகள் மிஸ்பாவை எல்லாரும் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். யாரோ கேட்டார்கள், பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று. சுல்தான் பீவி வாயைத் திறப்பதற்குள் நூர் பீவி சொல்லிவிட்டாள்: "ப்ளேன்லதான். காபி ஊத்துற வேலைன்னு நெனக்கிறேன். அதுக்கும் நல்ல சம்பளமாம்ல?"

அதில் வன்மம் எதுவும் இல்லை. அதுதான் சுல்தான் பீவியைக் குத்தியது. வன்மமாகச் சொன்னால் பொய் என்று தள்ளிவிடலாம். இது அவளுக்குத் தெரிந்த உண்மை.

காபி ஊற்றுவது ஒன்றும் கேவலமில்லை. சுல்தான் பீவியே இருபது வருஷமாகத் தாமுவே டீக்கடைகளுக்குச் சமூசா போட்டுக் கொடுத்துத்தான் மகளை ஆளாக்கினாள். அப்படியிருக்க ஏன் அவ்வளவு சுட்டது? அந்த இரவு படுத்துக்கொண்டு அவள் தனக்குத்தானே கேட்டுப் பார்த்தாள். விடை கிடைத்தபோது வெட்கமாக இருந்தது. மகளுக்கு என்ன வேலை என்று முந்திய நாள் வரை அவளுக்கே தெரியாது. பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்த காலத்தில் சிங்கப்பூருக்குப் படிக்கப் போனவள், அங்கே விமான டிக்கெட் ஆபீசில் சேர்ந்து, அங்கிருந்து அயர்லாந்தில் ஒரு விமானக் கம்பெனிக்குப் போனாள் என்பது வரை தெரியும். அதற்குமேல் யார் கேட்டாலும் "ஆபீஸ் வேலை" என்று சொல்லிவைப்பாள். என்ன ஆபீஸ், உள்ளே போய் என்ன செய்கிறாள் என்று இத்தனை வருஷமாக அவள் கேட்டதில்லை. கேட்டால் புரியாமல் போய்விடுமோ என்ற பயம். புரியவில்லை என்று மகள் முகத்தில் தெரிந்துவிடுமோ என்ற பெரிய பயம்.

பெருநாளுக்கு முந்திய நாள்தான் முதல்முறையாகக் கொஞ்சம் கேட்டிருந்தாள். சமூசாவுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தபோது மிஸ்பா வந்து எதிரே உட்கார்ந்து, பலகையில் சிந்தியிருந்த மைதாவில் விரலால் கோடு போட்டாள்.

"இது அமெரிக்கா. இது ஐரோப்பா. நடுவுல கடல்."

"கடலை இவ்ளோ சின்னதாவா போடுவ?"

"பலகை இவ்ளோதான் உம்மா." மிஸ்பா சிரித்தாள். "எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவுல ப்ளேன் விடணும்னு பாக்குறதுதான் என் வேலை."

"அதை ப்ளேன் ஓட்டுறவரு பாக்க மாட்டாரா?"

"அவரு சொன்ன எடத்துக்குப் போவாரு. எங்க போகணும்னு நாங்க சொல்லணும்."

சுல்தான் பீவி தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். "நீ சொல்லுவியா?"

மிஸ்பா அமெரிக்கக் கரையில் ஒரு புள்ளி வைத்தாள். நியூவார்க். ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் இன்னொரு புள்ளி. "இது வீகோ. ஸ்பெயின்ல ஒரு சின்ன ஊரு. மீன்பிடிக்கிற ஊரு. அந்தப் பக்கத்து ஆளுங்க ரெண்டு மூணு தலைமுறையா அமெரிக்காவுல கட்டட வேலைக்குப் போயிருக்காங்க. நியூவார்க்ல அவங்களுக்குன்னு தெரு இருக்கு, சங்கம் இருக்கு, கல்யாண மண்டபம் இருக்கு. ஊருக்கு வரணும்னா மாட்ரிட் போய் எறங்கி, இன்னொரு ப்ளேனுக்குக் காத்துக் கெடந்து வரணும். பெரிய கம்பெனிங்க எல்லாம் பெரிய ஊருக்குத்தான் ஓட்டும். இந்த வருஷம் சட்டம் மாறிடுச்சு. ஐரோப்பாவுல எந்தக் கம்பெனியும் எந்த ஊர்லேருந்தும் அமெரிக்காவுக்கு ஓட்டலாம். நேரா வீகோவுக்கு ஓட்டலாம்னு நான் சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் கேட்டாங்க. ரெண்டு வருஷமா இதுதான் என் வேலை. அடுத்த வாரம் முடிவு."

சுல்தான் பீவி அந்த இரண்டு புள்ளிகளையும் வெகுநேரம் பார்த்தாள். எங்கோ ஒரு மீன்பிடி ஊரில் ஒரு தாய் வாசலில் நிற்கிறாள். அவள் மகன் நேராக வந்து இறங்குகிறான். அவன் எப்படி வந்தான் என்று அந்தத் தாய்க்குத் தெரியாது. தாமுவேயில் மாவு தேய்க்கிறவளின் மகள் போட்ட கோட்டில் வந்தான்.

அதனால்தான் மறுநாள் மாடியில் நூர் பீவி காபி ஊற்றுகிற வேலை என்றதும், சுல்தான் பீவிக்குள் ஏதோ பொங்கி வழிந்துவிட்டது. "காபி ஊத்துறது இல்ல நூரு. ப்ளேன் எங்க போவணும்னு சொல்றது. எம் மக சொன்ன ஊருக்கு அமெரிக்காவுலேருந்து ப்ளேன் ஓடப்போவுது. அடுத்த வாரம் முடிவு. முடிவான அன்னைக்குத் தெருவுக்கே டான்பவ். இது என் நேர்ச்சை."

"உம்மா, இன்னும் முடிவாகல," என்று மிஸ்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பெண்கள் அதற்குள் மாஷா அல்லாஹ் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

பெருமை அல்லாஹ் ஒருவனுக்கே உரியது என்று சின்ன வயதிலிருந்து ஓதிக் கேட்டவள் அவள். அன்று இரவு தொழுகைப் பாயில் உட்கார்ந்து, இது பெருமையா, நன்றியா என்று பிரித்துப் பார்க்க முயன்றாள். பிரியவில்லை. எண்ணெயும் மாவும் பிசைந்த பிறகு எதை எடுத்து எதை விடுவது? மன்னித்துக்கொள் ரப்பே என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள், எத்தனை பேருக்கு அரிசி போடலாம் என்று மனம் கணக்குப் பண்ண ஆரம்பித்துவிட்டது.

ஒன்றை மட்டும் அவள் கவனித்தாள். பெருநாளிலிருந்தே மிஸ்பா சரியாகச் சாப்பிடவில்லை. இன்டர்நெட் கடையில் போய் உட்கார்ந்து, ஒரு பக்கம் திறப்பதற்குள் பாதிப் பொழுது போய், வாடிப்போய்த் திரும்பினாள். கேட்டால் "யபாடே உம்மா" என்றாள். பரவாயில்லை என்று பர்மியத்தில் சொல்கிறபோதெல்லாம் அவள் எதையோ மறைக்கிறாள் என்பது தாய்க்குத் தெரியும். பலரும் பார்த்த பிள்ளை, கண்ணேறுதான் என்று முடிவுகட்டி, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி கமறியது. கண்ணேறு இல்லை என்றுதான் அர்த்தம். அவள் அதை நம்பவில்லை.

*

போன் வரவேண்டியது ஷாஹுலின் கடைக்கு. சுல்தான் பீவியின் தம்பி. சந்தை ஓரத்தில் தார்ப்பாயும் கயிறும் விற்கிறவன். செல்போன் பணக்காரர்களின் சமாசாரமாக இருந்த காலம். குடும்பத்துக்கே அவன் கடைப் போன்தான்.

தாயும் மகளும் போய்ச் சேர்ந்தபோது ஷாஹுல் ஏற்பாடெல்லாம் செய்துவிட்டிருந்தான். போனைக் கல்லாவிலிருந்து எடுத்து உள்ளே ஒரு முக்காலியில் வைத்திருந்தான். மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் இரைச்சல் இடைஞ்சல் என்று அதையும் அணைத்துவிட்டு, கயிறு வாங்க வந்த பர்மாக்காரரிடம் உதட்டில் விரல் வைத்து, "இன்டர்நேஷனல்" என்றான். அவர் மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"மாமா, அவரு ஏன் செருப்பைக் கழட்டுறாரு?" என்றாள் மிஸ்பா.

"இருக்கட்டும். நீ பேச்சைக் கவனி."

அவள் ஒரு தார்ப்பாய்ச் சுருளின் மேல் உட்கார்ந்தாள். அழைக்காமலே நூர் பீவியும் வந்து சேர்ந்தாள். "அங்க தேக்சாவை யாரு பாக்குறா?" என்று சுல்தான் பீவி பதறினாள். "தம்முல இருக்கு. தணலை வாரிப் போட்டுட்டுத்தான் வந்தேன். முடிவு கேக்க வேணாமா?" என்று நூர் பீவி கயிற்றுக் கட்டின் மேல் அமர்ந்தாள்.

போன் அடித்தது.

மகள் ஆங்கிலம் பேசி சுல்தான் பீவி கேட்டதே இல்லை. வீட்டில் அவள் குரல் மெலிந்தது. பாதித் தமிழ், பாதி பர்மியம், வாக்கியத்தை முடிக்காமல் விடுகிற பழக்கம். இது வேறு குரல். தாழ்ந்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் வைத்து அழுத்திவிட்டு எடுக்கிற குரல். இது எப்போது இவளுக்கு வந்தது? யார் வீட்டில், யார் முன்னால் இதைப் பழகினாள்? தான் பெற்ற உடம்புக்குள் தனக்குத் தெரியாத ஒருத்தி இத்தனை நாளாகக் குடியிருந்திருக்கிறாள் என்று தோன்றியது. அது பயமாகவும் இருந்தது, பார்க்கப் பார்க்கத் தீராததாகவும் இருந்தது.

ஷாஹுல் போனுக்குப் பக்கத்தில் காதைக் கொடுத்துக் குசுகுசுவென்று மொழிபெயர்த்தான். துறைமுகத்தில் கப்பல்காரர்களோடு பேசிப் பழகிய ஆங்கிலம் அவனுக்கு உண்டு. "சலாம் சொல்றாங்க... மழையைப் பத்திப் பேசுறாங்க... வெள்ளைக்காரன் எதையும் மழையிலதான் ஆரம்பிப்பான்... இப்ப வீகோன்னாங்க, கேட்டியா லாத்தா?"

கேட்டாள். வீகோ. பலகையில் வைத்த புள்ளி.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆண் குரல் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனது. போனுக்கு வெளியிலும் கேட்கிற அளவுக்குச் சிரித்தது. "அவருதான் பெரியவரு போல. எல்லாம் சரிங்கிறாரு. வீகோ ஊர்க்காரங்க பணம் தர்றாங்களாம், ப்ளேன் விட்டா. கோடையில ஆரம்பிச்சிடலாம்ங்கிறாரு. லாத்தா! முடிஞ்சிடுச்சு! சரின்னுட்டாரு!"

"அல்ஹம்துலில்லாஹ்," என்று சுல்தான் பீவி முகத்தைப் பொத்திக்கொண்டாள். நூர் பீவி அவள் தோளைத் தட்டினாள்.

மிஸ்பா ஏதோ சொன்னாள். ஒரே சொல். ஷாஹுல் வாயைத் திறந்தபடி நின்றான்.

"என்ன சொன்னா?"

"வேணாம்னு சொன்னா."

"என்ன வேணாம்?"

ஷாஹுல் கையை உயர்த்தி நிறுத்தினான். மிஸ்பா பேசிக்கொண்டிருந்தாள். இப்போது இன்னும் நிதானமாக. அந்தப் பக்கத்துச் சிரிப்பு நின்றுவிட்டது. வேறொரு குரல் குறுக்கே வந்தது. பெண் குரல், கூர்மையானது. மிஸ்பா அதை முடிக்கவிட்டாள். பிறகு மறுபடியும் அதே சொல். மூன்றாவதாக ஒருவர் ஏதோ கேட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னாள். அவள் வலது கால் மட்டும் தார்ப்பாய்ச் சுருளின் மேல் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. முகத்தில் அதன் சாயலே இல்லை. குரலிலும் இல்லை. சுல்தான் பீவி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டட வேலையெல்லாம் நின்னுபோச்சுங்கிறா," ஷாஹுலின் குரல் கம்மியது. "அமெரிக்காவுல. அந்த ஆளுங்க இனிமே வரமாட்டாங்க, டிக்கெட் எடுக்க மாட்டாங்கங்கிறா... லாத்தா, எனக்கு ஒன்னும் புரியல. அவளே வேணாங்கிறா. அவரு வேணும்ங்கிறாரு, இவ வேணாங்கிறா!"

செருப்பைக் கழற்றிய பர்மாக்காரர் சத்தமில்லாமல் அதை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

பேச்சு முடிந்தது. மிஸ்பா போனை வைத்தாள். கொஞ்ச நேரம் அதன் மேலேயே கையை வைத்திருந்தாள்.

"மாமா, ஜெனரேட்டரைப் போடுங்க. வெக்கையா இருக்கு."

*

சுல்தான் பீவிக்கு முதலில் வந்தது கோபம். ஷாஹுலையும் நூர் பீவியையும் முன்பக்கம் அனுப்பிவிட்டு, ஜெனரேட்டர் சத்தத்தின் மறைவில் மகளிடம் குனிந்தாள்.

"ரெண்டு வருஷம்னியே புள்ள. பெத்த பிள்ளையை நீயே கழுத்தை நெரிச்ச மாதிரி. அந்த ஆளு சரின்னுட்டாரே! அல்லா கொண்டுவந்து கையில குடுத்தான், நீ வேணாம்ங்கிற! யாருக்கும்மா பயந்த?"

"பயப்படல உம்மா."

"பின்ன?"

மிஸ்பா ஒரு கயிற்று நுனியை எடுத்து விரலில் சுற்றினாள். "இங்க வர்றதுக்கு முந்தி நியூவார்க்குப் போன் பண்ணேன். சங்கத்துல ஒரு ஆளு இருக்காரு. எப்பவும் எடுத்தா பின்னால பாட்டும் கூச்சலுமா இருக்கும். இந்தத் தடவை அமைதியா இருந்துச்சு. எல்லாம் வேலை இல்லாம வீட்டுல கெடக்குறாங்களாம். ஊருக்கு வர்றதைப் பத்தி யாரும் பேசுறதே இல்லையாம். இங்க வந்தும் அந்தப் பக்கத்துப் பேப்பரையெல்லாம் தேடித் தேடிப் படிச்சேன். நான் போட்ட கணக்கு எல்லாம் போன வருஷத்து மனுசங்களை வெச்சுப் போட்டது. இப்ப அந்த மனுசங்க இல்ல."

"கொஞ்ச நாள் ஓட்டிப் பாக்கலாம்ல?"

"அதைத்தான் அவங்களும் சொன்னாங்க. பணம் தர்றாங்க, ஓட்டுவோம், கூட்டம் இல்லன்னா பாதியில நிறுத்திடுவோம். கம்பெனிக்கு நட்டமில்ல." கயிற்றை விட்டாள். "ஆனா டிக்கெட் எடுத்தவங்க? நேரா ப்ளேன் வந்துருச்சுன்னு நம்பி ஒருத்தன் கல்யாணத்துக்கு நாள் குறிப்பான். ஒருத்தி வயசான உம்மாவைப் பாக்க வருவா. வந்தவளுக்குத் திரும்பிப்போக ப்ளேன் இருக்காது."

பிறகு கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள். "மே மாசம் நான் பேங்காக்ல நின்னேன்ல உம்மா. டிக்கெட் கையில இருந்துச்சு. ப்ளேன் இல்ல. ரங்கூன் ஏர்போர்ட்டு மூடிக் கெடந்துச்சு. நீங்க இருக்கீங்களா இல்லையான்னு தெரியல. அங்க ப்ளேன் நேரம் போடுற பலகையில ரங்கூன்னு எழுதியிருந்ததையே பாத்துக்கிட்டு நின்னேன்."

மகள் அப்போது வந்து இறங்கி, நூர் பீவி வீட்டு மாடிப்படியில் விழுந்தடித்து ஏறிவந்தது சுல்தான் பீவிக்கு நினைவிருந்தது. அதற்கு முந்தி அவள் நின்ற நிற்பை இதுவரை சொன்னதில்லை.

"அது புயல்மா. அல்லாவோட நாட்டம். யாரு என்ன செய்ய முடியும்?"

"ஆமா. அது புயல். இது தெரிஞ்சே செய்றது."

ஜெனரேட்டர் இரைந்தது. முன்பக்கத்தில் நூர் பீவி ஷாஹுலைக் குடைந்துகொண்டிருந்தது கேட்டது. சுல்தான் பீவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்திருந்தது.

"அந்தப் பெரியவரு வேணும்ன்னாரு. பணம் குடுக்குறவங்க வேணும்ன்னாங்க."

"ம்."

"நீ வேணாம்ன்ன."

"ம்."

"இப்ப என்ன ஆகும்?"

"ஓடாது உம்மா. என் கணக்கை நம்பித்தான் எல்லாரும் சரின்னாங்க. நானே தப்புன்னு சொன்னப்புறம் யாரு கையெழுத்துப் போடுவாங்க? கோவமாத்தான் இருக்காங்க. எனக்கு வரவேண்டிய பெரிய வேலை இனிமே வருமோ வராதோ. ஆனா வீகோ ஓடாது."

"நீ வேணாம்னு சொன்னதால?"

"நான் வேணாம்னு சொன்னதால."

சுல்தான் பீவி தார்ப்பாய்ச் சுருளின் மேல் மெல்ல உட்கார்ந்தாள்.

வேண்டாம் என்று அவளும் வாழ்க்கையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். படிப்பை நிறுத்த வேண்டாம் என்று வாப்பாவிடம் சொன்னாள். நிறுத்தினார்கள். மொகல் தெருக் கடையை விற்க வேண்டாம் என்று கணவரிடம் சொன்னாள். விற்றுவிட்டு வந்துதான் அவளிடம் சொன்னார். மகளை இத்தனை தூரம் அனுப்ப வேண்டாம் என்று அழுதாள். அது நல்லதற்குத்தான் என்றாலும், அந்த அழுகைக்காக யாரும் ஒரு கணம் நின்று யோசித்ததில்லை. அவள் வேண்டாம் என்பது வாசலில் நின்று காக்கையை விரட்டுகிற மாதிரி. காக்கை பறக்கும், சுற்றிவிட்டு அங்கேயே வந்து உட்காரும்.

இவள் சொன்ன வேண்டாம், கடலுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு விமானத்தைத் தரையிலேயே நிறுத்திவிட்டது. உரக்கக்கூடச் சொல்லவில்லை. கால் ஆடிக்கொண்டிருந்தது. ஆனாலும் சொன்னாள். தனக்கு வரவேண்டியதையும் சேர்த்து வேண்டாம் என்றாள்.

ஓடுகிற விமானத்தைவிட இது எவ்வளவோ பெரிது என்று சுல்தான் பீவிக்குப் பட்டது. விமானம் ஓடினால் ஆயிரம் பேருக்கு அதில் பங்கு. இதில் இவள் மட்டும்தான்.

"உம்மா, அழுவுறீங்களா? டான்பவ்வை நெனச்சா?"

"போடி. வா, தம்மு உடைக்கிற நேரம் ஆச்சு."

*

சந்தில் தேக்சாவைச் சுற்றிப் பெண்கள் தட்டும் கையுமாக நின்றிருந்தார்கள். நூர் பீவி முன்னாலேயே வந்து சேதியை அவிழ்த்துவிட்டிருந்தாள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. மிஸ்பா உள்ளே போய்விடப் பார்த்தாள். சுல்தான் பீவி அவள் கையை விடவில்லை.

நூர் பீவி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மைனி, நான் குத்தமா சொல்லல. ப்ளேன் ஓடினாத்தானே நேர்ச்சை? நிய்யத்து நெறவேறலையே. இப்ப இதை என்னன்னு சொல்லிக் குடுக்குறது? எத்தீம்கானாவுக்கு, அநாதைப் பிள்ளைங்களுக்கு அனுப்பிடலாமா? கேக்குறவங்களுக்கு அதான் கௌரவமா இருக்கும்."

நியாயமான யோசனைதான். இரக்கத்தில் வந்த யோசனை. அதுவே சுல்தான் பீவிக்கு நாக்கை அவிழ்த்துவிட்டது.

"நேர்ச்சை இல்ல நூரு. நேர்ச்சை அங்கயே முடிஞ்சுபோச்சு. இது என் சந்தோசத்துக்கு."

"என்ன சந்தோசம்? ப்ளேன்தான் இல்லன்னு ஆயிடுச்சே."

"ஆமா. இல்லன்னு ஆக்குனது யாரு?"

நூர் பீவி விழித்தாள்.

"பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் ஓட்டணும்னு நின்னாங்க. பணம் குடுக்கவும் ஆள் இருந்துச்சு. ஓட்டியிருந்தா இவளுக்கு நாளைக்கே பெரிய நாற்காலி. சனங்க நடுவழியில நிப்பாங்கன்னு தெரிஞ்சு, எம் மக வேணாம்னா. நின்னுபோச்சு. நீயும்தான் இருந்தியே அங்க! நீ ஒரு வெள்ளைக்காரனை வேணாம்னு சொல்லி நிறுத்தியிருக்கியா? நான் நிறுத்தியிருக்கேனா? ஒரு டிரிஷா வண்டிக்காரனை நிறுத்துறதுக்கே நமக்கு நாலு தடவை கத்தணும்."

யாரோ சிரித்தார்கள். நூர் பீவி சிரிக்கவில்லை. அவள் மிஸ்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருநாளன்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்த பார்வை இல்லை அது. கொஞ்சம் தள்ளி நின்று, முழு ஆளையும் தலையிலிருந்து கால்வரை பார்க்கிற பார்வை.

"நீ சொன்னா ப்ளேன் நிக்குமா?" என்றாள் அவளிடமே.

மிஸ்பாவின் காது சிவந்துவிட்டது. "இது நின்னுச்சு மாமி."

நூர் பீவி முந்தானையை இடுப்பில் செருகினாள். தேக்சாவின் விளிம்பில் ஒட்டியிருந்த மாவைக் கரண்டிக் காம்பால் பெயர்த்தாள். மூடி திறந்ததும் ஆவி குபீரென்று எழுந்து சந்து முழுக்கப் பரவியது.

முதல் தட்டு பக்கத்து வீட்டு டோ சன் யீக்கு. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. மிஸ்பாவைச் சின்ன வயதிலிருந்து 'தமீ' என்று, மகளே என்றுதான் கூப்பிடுவாள். விமானத்தைப் பற்றி அவளும் கேள்விப்பட்டுக் காத்திருந்தாள். சுல்தான் பீவி தட்டை நீட்டியதும் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு பர்மியத்தில் கேட்டாள்: "ஓடப்போகிறதா? தமீயின் விமானம்?"

சுல்தான் பீவி மூச்சை இழுத்தாள். இத்தனை வருஷமும் "ஆபீஸ் வேலை" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டது இனி ஆகாது. எங்கிருந்து ஆரம்பிப்பது? அமெரிக்காவில் கட்டடம் கட்டுகிறவர்களிடமிருந்தா? அல்லது...

அதற்குள் பின்னால் தட்டுகளோடு நின்ற நூர் பீவி முந்திக்கொண்டாள். அவளுடைய பர்மியம் எப்போதுமே உரத்தது. இன்று தெருக்கோடி வரை கேட்டது. "ஓடாது! எங்கள் அண்ணன் மகள் நிறுத்திவிட்டாள்! வெள்ளைக்காரர்கள் ஓட்டியே தீருவோம் என்றார்கள். இவள் கூடாது என்றாள். தாமுவேயில் உட்கார்ந்துகொண்டு, தார்ப்பாய்க் கடையில்! இரண்டு விமானத்தை நிறுத்திவிட்டாள்!"

டோ சன் யீ வாயில் கை வைத்துக்கொண்டாள். எதிர்வீட்டு மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.

தன் வாயால் சொல்ல வேண்டியதை நூர் பீவி பிடுங்கிக்கொண்டாளே என்று சுல்தான் பீவிக்கு ஒரு கணம் சுருக்கென்றது. மறுகணம் அந்தக் குரலில் இருந்த குஷியைக் கேட்டாள். தன் சொந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற குஷி. ஆனாலும் விட மனம் வரவில்லை. மகளோ, கணக்குத் தவறக்கூடாது என்பதற்காகக் கைக்கு வந்ததையே வேண்டாமென்றவள். அவள் பெயரில் ஒன்றை இரண்டாகச் சொன்னால் அது அவளுக்கு அழகா?

"இரண்டு இல்லை," என்று டோ சன் யீயிடம் திருத்தினாள். "ஒன்றுதான்."

நூர் பீவி தமிழுக்குத் தாவினாள். "ஒன்னோ ரெண்டோ, நின்னுச்சா இல்லையா? நீங்க சும்மா இருங்க மைனி, நான் சொல்றேன்."

"நீ சொல்லு நூரு. ஒன்னுன்னு சொல்லு."

"சரி, ஒன்னு," என்று முணுமுணுத்துவிட்டு, நூர் பீவி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.